ஆளுநர் மீது குற்றச்சாட்டு: பதவி பறிபோகுமா?

முன்னுரை

'அமெரிக்க மாநில ஆளுநர் மீது பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது' என்னும் தலைப்பை நாளிதழ்களில் எப்போதாவது நாம் காண்கிறோம். கண்டவுடன், அந்த ஆளுநர் மாளிகையைக் காலிசெய்துகொண்டு வெளியேறியிருப்பார் என்றே எண்ணிக்கொள்கிறோம். மறுநாள் அதே ஆளுநர் அதே இருக்கையில் அமர்ந்து கோப்புகளில் கையொப்பமிட்டார் என்று செய்தி வருமாயின் திகைக்கிறோம். தீர்மானம் நிறைவேறிய பின்னும் அவர் எங்ஙனம் பதவியில் நீடிக்கிறார்? அவர் இறுதியில் நீக்கப்படுவாரா, நீடிப்பாரா? இவ்வினாக்களுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

குழப்பத்தின் வேர் நம் மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. 'இம்பீச்மெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் இதழ்கள் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்று எழுதி வருகின்றன. ஈழத்து இதழ்கள் 'குற்றப் பிரேரணை' என்று எழுதுகின்றன. இவ்விரண்டில் பின்னதே பொருளுக்கு நெருங்கியது எனலாம். ஏனெனில், அச்சொல்லுக்கு நீக்குதல் என்பது பொருளன்று. முறைப்படி குற்றம் சாட்டுதல் என்பதே பொருள். அதன் மூலம் இலத்தீன் மொழியில் காலுக்கு இடும் தளையைக் குறிக்கும் சொல்லாகும். தளை பூட்டப்பெற்றவன் விசாரணைக்கு நிறுத்தப்படுகிறான். அவன் தண்டனை பெற்றவன் அல்லன். குற்றச்சாட்டு முதற்படி, தீர்ப்பு இரண்டாம் படி. முதற்படியின் பெயரிலேயே இரண்டாம் படியின் முடிவை ஏற்றிச் சொல்வதால், விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டதாக நாம் மயங்குகிறோம்.

'ஆளுநர்' என்னும் சொல்லும் இவ்வாறே ஒரு மயக்கத்தைத் தருகிறது. நம் நாட்டில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அரசமைப்பின் 156-ஆம் பிரிவின்படி அவர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பதவி வகிக்கிறார். அவரைச் சட்டமன்றம் குற்றம் சாட்டி நீக்குவதற்கு இங்கு வழியில்லை. நடுவண் ஆட்சி மாறியது, கொள்கை ஒத்துவரவில்லை என்னும் காரணங்களுக்காக ஆளுநரை மனம்போனவாறு நீக்குதல் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்க மாநில ஆளுநரோ மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். ஏறத்தாழ நம் முதலமைச்சரைப் போன்று மாநில நிர்வாகத்தை நடத்துபவர். மக்கள் தந்த பதவியை மக்களின் சார்பாளர்கள் பறிப்பது என்பதால்தான் அங்கு இந்நடைமுறை இத்துணைக் கடினமாக அமைக்கப்பட்டிருக்கிறது.

வழக்கம் பிறந்த கதை

இம்முறை இங்கிலாந்தில் பிறந்தது. 1376-ஆம் ஆண்டு கூடிய நாடாளுமன்றத்தில், மன்னரின் அணுக்க அலுவலராக இருந்த லாட்டிமர் பிரபு மீது மக்களவையினர் ஊழல் குற்றம் சாட்டினர். பிரபுக்கள் அவை அதனை விசாரித்தது. மன்னரைத் தொட இயலாத காலத்தில், மன்னரின் பெயரால் தீங்கு செய்தவரைத் தொடுவதற்கு மக்களவை கண்டறிந்த வழி இதுவாகும். கீழவை வழக்குத் தொடுக்கும், மேலவை தீர்ப்பளிக்கும் என்னும் இருபடி முறையின் வித்து இதில் உள்ளது.

இந்திய வரலாற்றைப் பயின்றோர் இம்முறையின் மிகப் பெரிய வழக்கை அறிவர். வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது, காசி மன்னர் சேத் சிங்குக்கும் அயோத்தி பேகம்களுக்கும் இழைத்த கொடுமைகள் உள்ளிட்ட குற்றங்களை 1787-இல் மக்களவை சாட்டியது. எட்மண்ட் பர்க் முன்னின்று வழக்கை நடத்தினார். 1788 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணை 1795 ஏப்ரலில் முடிந்தது. ஏழாண்டுகளுக்குப் பின் பிரபுக்கள் அவை ஹேஸ்டிங்சை விடுவித்தது. குற்றச்சாட்டின் பேரொலி தீர்ப்பாக மாறிவிடுவதில்லை என்பதற்கு இது முதல் சான்று.

அமெரிக்கர் இம்முறையை ஏற்றபோது ஒரு திருத்தம் செய்தனர். இங்கிலாந்தில் இவ்வழக்கில் தோற்றவர் சிறையையும், சில காலங்களில் மரணத்தையும் சந்திக்க நேர்ந்தது. அமெரிக்காவில் பதவி நீக்கமும், இனிப் பதவி வகிக்கத் தடையுமே தண்டனைகள். சிறைத்தண்டனை வேண்டுமாயின் அதற்கு வழக்கமான நீதிமன்றம் தனியே இருக்கிறது. ஆகவே, இது ஆளைத் தண்டிக்கும் முறை என்பதைவிடப் பதவியைக் காக்கும் முறை என்பதே பொருந்தும்.

இரு படிகள்

பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் நடைமுறை இதுதான். கீழவை குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து வாக்களிக்கிறது. அது நிறைவேறினால் ஆளுநர் குற்றம் சாட்டப்பெற்றவர் ஆகிறார். பின்னர் மேலவை நீதிமன்றம் போல் அமர்கிறது. உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்கின்றனர். பல மாநிலங்களில் ஆளுநரை விசாரிக்கும்போது மாநிலத் தலைமை நீதிபதியே தலைமை தாங்குகிறார். சாட்சிகள் அழைக்கப்படுகின்றனர், ஆளுநர் தரப்பு வாதாடுகிறது. நீக்குவதற்கு வழக்கமாக மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடுகளும் உண்டு. அலாஸ்காவில் மேலவை குற்றம் சாட்டக் கீழவை தீர்ப்பளிக்கும். ஓரவை மட்டுமே உள்ள நெப்ராஸ்காவில் மாநில உச்சநீதிமன்றம் விசாரிக்கும். ஆரகன் மாநிலத்தில் நெடுங்காலம் இம்முறையே இல்லை. 2024 நவம்பரில்தான் வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் தந்தனர்.

விசாரணை நடக்கும் காலத்தில் ஆளுநரின் அதிகாரம் என்ன ஆகும் என்பது நம் முதல் வினாவோடு தொடர்புடையது. அரிசோனா போன்ற மாநிலங்களில், கீழவை குற்றம் சாட்டியவுடனே ஆளுநர் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு விலகியிருக்க வேண்டும். விடுவிக்கப்பட்டால் திரும்பி வரலாம். இல்லினாய் மாநிலத்திலோ இறுதித் தீர்ப்பு வரை அவர் முழு அதிகாரத்துடன் நீடிப்பார். எனவே, செய்தியில் 'ஆளுநர் ஒதுங்கினார்' என்றிருந்தால் அது நீக்கமா, தற்காலிக விலகலா என்பதை அம்மாநிலச் சட்டத்தை நோக்கியே அறிதல் வேண்டும்.

எண்ணிக்கையின் ஆற்றல்

குற்றச்சாட்டுக்குப் பின் மேலவையால் தீர்ப்பளிக்கப்பெற்றுப் பதவியிழந்த அமெரிக்க ஆளுநர்கள் இதுவரை எண்மரே. வட கரோலினாவின் வில்லியம் ஹோல்டன், நெப்ராஸ்காவின் டேவிட் பட்லர் ஆகிய இருவரும் 1871-இலும், நியூயார்க்கின் வில்லியம் சல்சர் 1913-இலும், டெக்சாசின் ஜேம்ஸ் பெர்குசன் 1917-இலும், ஓக்லஹோமாவின் ஜாக் வால்டன் 1923-இலும், அதே மாநிலத்தின் ஹென்றி ஜான்ஸ்டன் 1929-இலும், அரிசோனாவின் ஈவன் மீக்கம் 1988-இலும், இல்லினாயின் ராட் பிளகோயெவிச் 2009-இலும் அவ்வாறு நீக்கப்பட்டனர். ஒப்புநோக்கின், அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களில் மூவர் மீது நான்கு முறை குற்றம் சாட்டப்பட்டும் ஒருவர்கூட இம்முறையில் பதவி இழக்கவில்லை. 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் தப்பினார்.

தப்பிய ஆளுநர்களுள் குறிப்பிடத்தக்கவர் லூசியானாவின் ஹியூயி லாங். 1929-இல் கீழவை அவர்மீது குற்றம் சாட்டியது. மேலவை உறுப்பினர்கள் 39 பேர். நீக்குவதற்கு 26 வாக்குகள் வேண்டும். லாங்கின் ஆதரவாளர்கள் 15 உறுப்பினர்களிடம், 'எச்சான்று வந்தாலும் இவரைக் குற்றவாளி எனத் தீர்மானிக்க மாட்டோம்' என்னும் கருத்துடைய ஒரு தாளில் கையொப்பம் பெற்றனர். 39-இல் 15 போயின் எஞ்சுவது 24. அத்துடன் வழக்கு முடிந்தது. சான்றுகள் முழுமையாக அவைக்கு வரும் முன்பே கூட்டல் கழித்தல் கணக்கால் அது முடிந்தது என்பது எண்ணத்தக்கது. குற்றச்சாட்டே தீர்ப்பாவது ஒருவகைத் தீமையெனில், விசாரணைக்கு முன்பே விடுதலையை எழுதிவைப்பது மற்றொரு வகைத் தீமையாகும்.

சொந்தக் கட்சியே கைவிட்டபோது

அரிசோனாவின் ஈவன் மீக்கம் 1987 ஜனவரியில் பதவியேற்றவர். மார்ட்டின் லூதர் கிங் பெயரால் அறிவிக்கப்பட்டிருந்த விடுமுறையை நீக்கியதன் மூலம் தொடக்கத்திலேயே பெரும் எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். 1988 பிப்ரவரி 5 அன்று கீழவை 46-க்கு 14 என்னும் வாக்குகளால் அவர்மீது குற்றம் சாட்டியது. ஒரு கொலைமிரட்டல் பற்றிய விசாரணையைத் தடுக்க முயன்றார் என்பது ஒன்று. அரசு சார்ந்த நிதியிலிருந்து 80,000 டாலரைத் தம் கார் விற்பனை நிறுவனத்துக்குக் கடனாகத் திருப்பிவிட்டார் என்பது மற்றொன்று. ஏப்ரல் 4 அன்று 30 உறுப்பினர் கொண்ட மேலவை முதற் குற்றச்சாட்டில் 21-க்கு 9 என்றும், இரண்டாவதில் 26-க்கு 4 என்றும் வாக்களித்து அவரை நீக்கியது. அங்கு அவருடைய கட்சியினரே பெரும்பான்மையினர் என்பதை மறத்தலாகாது.

ஆயினும், இனிப் பதவி வகிக்கக் கூடாது என்னும் தடைக்குப் போதிய வாக்குகள் கிட்டவில்லை. 17-க்கு 12 என்பதோடு அது தோற்றது. அவ்வாண்டிலேயே நடந்த தனிக் குற்றவழக்கில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1990-இல் அவர் மீண்டும் ஆளுநர் வேட்பாளராக முயன்று உட்கட்சித் தேர்தலில் தோற்றார். பதவி நீக்கம், வருங்காலத் தடை, சிறைத்தண்டனை ஆகிய மூன்றும் தனித்தனி வழிகளில் செல்வன என்பதை இவ்வொரு வரலாறே தெளிவுறுத்துகிறது.

இல்லினாய் ஆளுநர் ராட் பிளகோயெவிச் வரலாறு இதனினும் விரைவானது. பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் அவருடைய செனட் இடம் காலியாயிற்று. அதற்கு ஒருவரை நியமிக்கும் உரிமை ஆளுநருக்கு இருந்தது. அந்த இடத்தைத் தம் ஆதாயத்துக்கு விலைபேசினார் என்று தொலைபேசி உரையாடல் பதிவுகளின் அடிப்படையில் 2008 டிசம்பர் 9 அன்று அவர் கைது செய்யப்பட்டார். கைதான பின்னும் பதவி பறிபோகவில்லை. அம்மாத இறுதியில் அதே செனட் இடத்துக்கு அவரே ஒருவரை நியமிக்கவும் செய்தார்! 2009 ஜனவரி 9 அன்று கீழவை 114-க்கு 1 என்று குற்றம் சாட்டியது. மேலவை விசாரணையின் பெரும்பகுதியில் அவர் கலந்துகொள்ளாமல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தம் தரப்பைப் பேசிவந்தார்; இறுதி நாளில் மட்டும் அவைக்கு வந்து உரையாற்றினார். ஜனவரி 29 அன்று 59 உறுப்பினர்களும் ஒருமித்து அவரை நீக்கினர். வருங்காலத் தடையும் விதித்தனர். பின்னர் நீதிமன்றம் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2020-இல் குடியரசுத் தலைவர் டிரம்ப் அத்தண்டனையைக் குறைத்து விடுவித்தார். 2025-இல் மன்னிப்பும் வழங்கினார். ஆயினும், இல்லினாய் மேலவை தந்த பதவி நீக்கத் தீர்ப்பு வேறு வழியில் வந்தது, அது மாறவில்லை.

பதவி விலகினால் தப்பலாமா?

தீர்ப்புக்கு முன் விலகிவிடுவது பலர் கையாண்ட வழியாகும். கனெக்டிகட் ஆளுநர் ஜான் ரோலண்ட் 2004-இலும், நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 2021-இலும், சட்டமன்ற ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, குற்றச்சாட்டு வாக்கெடுப்புக்கு முன்னர்ப் பதவி விலகினர். அவர்கள் நீக்கப்பட்டோர் பட்டியலில் இடம்பெறவில்லை.

டெக்சாஸ் ஆளுநர் பெர்குசனுக்கு இவ்வழி பயன்படவில்லை. அவர் கதை கல்லூரியைச் சார்ந்த நமக்கு நெருக்கமானது. தமக்கு வேண்டாத பேராசிரியர் சிலரை விலக்க வேண்டும் என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை அவர் வற்புறுத்தினார்; பல்கலைக்கழகம் இணங்காதபோது அதன் நிதி ஒதுக்கீட்டை மறுத்தார். இப்பூசலே அவர்மீது நிதி முறைகேடு உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் எழக் காரணமாயிற்று. 21 குற்றச்சாட்டுகளில் பத்தினை மேலவை மெய்யெனக் கண்டது. தீர்ப்புக்கு முதல் நாள் அவர் விலகினார். மேலவை அதனைப் பொருட்படுத்தாது நீக்கமும் தடையும் விதித்தது. தாம் போட்டியிட இயலாத நிலையில் தம் மனைவி மிரியம் பெர்குசனை அவர் தேர்தலில் நிறுத்தினார். அவ்வம்மையார் 1924-இல் வென்று டெக்சாசின் முதல் பெண் ஆளுநர் ஆனார்! சட்டமன்றம் மூடிய கதவை மக்கள் வேறொரு பக்கமாகத் திறந்தனர் போலும்.

வரலாறு திருத்திய தீர்ப்பு

மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்துவிட்டால் அது நீதியாகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை சொல்பவர், இம்முறையில் முதன்முதல் பதவியிழந்த ஹோல்டன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்குரிமை எய்திய காலம் அது. அதனைப் பொறாத கூ க்ளக்ஸ் கிளான் என்னும் மறைமுக இயக்கத்தார் வட கரோலினாவில் கொலைகளும் கசையடிகளும் நிகழ்த்தினர். 1870-இல் அலமான்ஸ் வட்டாரத்தில் கறுப்பின மக்களின் தலைவர் ஒருவரை நீதிமன்ற வளாகத்து மரத்திலேயே தூக்கிலிட்டனர். உள்ளூர் அதிகாரிகள் அசையவில்லை. ஆளுநர் ஹோல்டன் இரு வட்டாரங்களைக் கலகப் பகுதிகளாக அறிவித்துப் படையை அனுப்பினார், பலரைச் சிறைப்பிடித்தார், ஆட்கொணர் ஆணைகளை ஏற்க மறுத்தார். அவ்வாண்டுத் தேர்தலில் எதிர்த்தரப்பினர் சட்டமன்றத்தைக் கைப்பற்றினர். 1870 டிசம்பரில் குற்றம் சாட்டினர். 1871 மார்ச்சில் எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஆறினை மெய்யெனத் தீர்மானித்து அவரை நீக்கினர். மீண்டும் பதவி வகிக்கவும் தடைவிதித்தனர்.

ஆட்கொணர் ஆணையை மீறியது சிறிய குற்றமன்று. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும், கொலையுண்டோரின் ஓலம் அத்தீர்ப்பில் கேட்கப்படவில்லை. எளியோரின் உயிரைக் காக்க முனைந்தவர் பதவி இழந்தார். கொலை செய்தோர் வெளியே உலவினர். 140 ஆண்டுகள் கழித்து, 2011-இல், அதே வட கரோலினா மேலவை ஒருமனதாக ஹோல்டனுக்கு மன்னிப்பு வழங்கித் தன் முன்னோரின் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. ஹோல்டன் 1892-இலேயே மறைந்துவிட்டார்.

நியூயார்க்கின் சல்சர் வழக்கும் இத்தகைய ஐயத்தை எழுப்புவதே. தம்மை உயர்த்திவிட்ட கட்சித் தலைமையின் கட்டளைக்கு அடங்க மறுத்ததால், அத்தலைமையே முன்னின்று அவரை வீழ்த்தியது. தேர்தல் செலவுக் கணக்கில் பொய்யுரைத்தார் என்னும் குற்றச்சாட்டு மெய்யே; ஆனால் அதனைத் தேடியெடுத்தது பழிவாங்கும் நோக்கம் என்பது வரலாற்று ஆசிரியர் பலர் கருத்து. பதவி இழந்த சில வாரங்களிலேயே மக்கள் அவரைச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர்.

எனவே, நீக்கப்படுவாரா?

மேற்கண்ட வரலாறுகளிலிருந்து நாம் பெறும் விடையைத் தொகுத்துக் காண்போம். குற்றம் சாட்டப்பெற்ற ஆளுநர் ஒருவரின் முடிவை அறிய விழைவோர் நான்கினை நோக்குதல் வேண்டும். முதலாவது, மேலவையில் அவரைக் காக்கத் தேவையான மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் உறுதியாக நிற்கின்றனரா என்பது. லாங் அதனால் தப்பினார். இரண்டாவது, சொந்தக் கட்சி அவரைக் கைவிட்டதா என்பது; மீக்கமும் பிளகோயெவிச்சும் அதனால் வீழ்ந்தனர். மூன்றாவது, குற்றச்சாட்டு பொதுமக்களுக்கு எளிதில் விளங்கும் சான்றோடு இருக்கிறதா என்பது. ஒலிப்பதிவு பேசிய இடத்தில் மேலவையில் ஒருவரும் மறுத்து வாக்களிக்கவில்லை. நான்காவது, அவர் முன்கூட்டியே விலகிக்கொள்வாரா, பதவிக்காலமே முடிந்துவிடுமா என்பது. இந்நான்கும் அறியப்படும் வரை 'நீக்கப்படுவார்' என்றோ 'தப்புவார்' என்றோ எவரும் உறுதி கூறுதல் இயலாது.

நம் நாட்டிலும் இவ்வுண்மை ஒருமுறை விளங்கியது. 1993 மே மாதம் உச்சநீதிமன்ற நீதிபதி வி. இராமசாமி மீதான தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. விசாரணைக் குழு பல குற்றச்சாட்டுகளை மெய்யெனக் கண்டிருந்தும், 196 பேர் ஆதரித்தும், 205 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் தீர்மானம் தோற்றது. அங்கும் குற்றச்சாட்டு ஒன்றாகவும் முடிவு வேறொன்றாகவும் அமைந்தன.

நிறைவுரை

தமிழ் பயில்வோர் நாம். சிலப்பதிகாரத்தை நினையாமல் இக்கட்டுரையை முடித்தல் இயலாது. பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை யாது? பொற்கொல்லனின் குற்றச்சாட்டையே தீர்ப்பாகக் கொண்டான். கோவலனை அழைத்து ஒருசொல் கேட்கவில்லை. இரு படிகளுக்கு இடையே இருக்க வேண்டிய விசாரணை அங்கு இல்லாது போயிற்று. அதனால் ஒரு நிரபராதியின் உயிரும், ஓர் அரசனின் உயிரும், ஒரு நகரமும் அழிந்தன. உண்மை வெளிப்பட்டபோது எந்த அவையும் கூடித் தீர்மானிக்கக் காத்திராமல், 'யானே கள்வன்' என்று தன்மீது தானே தீர்ப்பளித்தான் அவன். அத்தகைய மனச்சான்று எல்லா ஆட்சியாளரிடமும் இருக்குமெனில் இருபடி முறைகளுக்குத் தேவையே இராது. அஃது அரிது என்பதால்தான் குற்றம் சாட்ட ஓர் அவையும், தீர்ப்புச் சொல்ல மற்றோர் அவையும், இடையே குற்றவாளிக்கும் பேசுவதற்கு நேரமும் வைக்கப்பட்டுள்ளன.

அமெரிக்க ஆளுநர் பதவி இழந்தாலும் நீடித்தாலும் நம் அன்றாட வாழ்வு மாறிவிடப் போவதில்லை. ஆனால், குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்னும் அறிவு நம் ஒவ்வொரு நாளுக்கும் வேண்டப்படுவது. தனிமனிதர் மீதாயினும் ஒரு சமுதாயத்தின் மீதாயினும் பழி வந்து விழும்போது, செய்தித்தாளின் தலைப்பைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், சான்று யாது, மறுமொழி கேட்கப்பட்டதா, தீர்ப்பளித்தவர் யார் என்று வினவும் பழக்கத்தை நம் மாணவச் செல்வங்கள் கைக்கொள்ள வேண்டும். அவ்வாறு வினவாத ஓர் அவை, ஹோல்டனுக்குச் செய்ததைத் திருத்த 140 ஆண்டுகள் ஆயின. நாம் அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டியதில்லை.